பழைய 18 இஞ்சு பேண்ட்சா: வீட்டுப் பட்டறைக்கு வாங்கி ஓட்டிப் பார்த்ததில்

நான் வாங்கியது பழைய பேண்ட்சா, அதாவது மேலும் கீழும் உள்ள இரண்டு வீலில் வளையமாக ஓடுகிற பட்டை வாள் மிஷின். 18 இஞ்சு வீல், முழுக்க வார்ப்பிரும்பு. கம்பெனித் தகடு எப்போதோ கழன்று போயிருக்கிறது, வார்ப்பிலும் எழுத்து எதுவும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அழகியமண்டபம் பக்கம் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையை மூடினார்கள், அங்கே இருந்து எடுத்தது. விலை 34,000 ரூபாய். ஷெட்டில் நிறுத்தி ஓட விடுவதற்குள் மேற்கொண்டு 11,000 ஆனது. வண்டிக்கூலி தனி. இந்தப் பணத்துக்குப் புதுசே கிடைக்கும், ஆனால் சின்னது. பழசை எடுக்கலாமா, புதுசுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். நம்ம ஊர் மரத்தையும் நம்ம ஊர்க் கரண்டையும் வைத்து யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

நான் ஆசாரி இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தக்கலைக்கு மேற்கே வீடு, பின்னால் ஒரு ஷெட். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் விளையில் (தோப்பில்) நின்ற ஒரு அயினியும் (காட்டுப் பலா) இரண்டு பிலாவும் (பலா) வேரோடு சாய்ந்தன. மாவட்டம் முழுக்க ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்த நேரம் அது. வந்த விலைக்குத் தடியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். மனசு வரவில்லை, அப்பா வைத்த அயினி. மில்லில் கொடுத்து ஒன்றரை, இரண்டு இஞ்சுப் பலகையாக அறுத்து, இடையில் சட்டம் வைத்து அடுக்கிக் காயப்போட்டேன். இப்போது அது இரும்பு மாதிரிக் காய்ந்து நிற்கிறது.

அந்தப் பலகையில் பெட்டியும் சின்ன அலமாரியும் செய்ய எனக்கு அரை இஞ்சு கனம் போதும். ஒன்றரை இஞ்சை இழைத்து அரை இஞ்சாக்கினால் மூன்றில் இரண்டு பங்கு அயினி சீவலாக அடுப்புக்குப் போகும். டேபிள் சாவில் (டேபிளுக்கு மேலே வட்ட பிளேடு நீட்டி நிற்கிற மிஷின்) நிறுத்திப் பிளந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் தூளாகிறது. அகலப் பலகையாக இருந்தால் பிளேடு முழு உயரத்துக்கும் எட்டாது, திருப்பிப் போட்டு அறுக்க வேண்டும். பேண்ட்சா ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தின்னும், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. பேண்ட்சாவில் பல் மேலிருந்து கீழே இறங்குகிறது, மரத்தை டேபிளோடு சேர்த்து அமுக்குகிறது. டேபிள் சாவைப் போல மரத்தை ஆள் மேல் திருப்பி எறியாது. இந்த வயதில் தனியாக நின்று வேலை செய்கிற எனக்கு அது பெரிய காரியம்.

புதுசு பார்க்காமல் பழசுக்குப் போகவில்லை. நாகர்கோவிலில் ஒரு நண்பர் மகிட்டா எல்.பி.1200.எஃப் வைத்திருக்கிறார். 12 இஞ்சு வீல், 900 வாட்ஸ், வெட்டும் உயரம் 165 மில்லிமீட்டர், பிளேடு நீளம் 2240 மில்லிமீட்டர், இரண்டு வேகம். அதில் நின்று நாள் முழுக்க வேலை செய்து பார்த்தேன். சுத்தமான மிஷின். சாதாரண வீட்டு பிளக்கில் சொருகினால் ஓடுகிறது, சத்தம் குறைவு, ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளுகிற நேர்ச்சட்டம்) நேராக நிற்கிறது. இரண்டு, மூன்று இஞ்சு தேக்கில் வளைவு வெட்டினால் கோடு பிசகாமல் போகிறது. ஆனால் என் பலகை எட்டு இஞ்சு அகலம், அதில் நுழையாது. ஆறு இஞ்சுக்குக் கிழித்துக் கொண்டுபோன காய்ந்த அயினியைத் தள்ளினால் மோட்டார் திணறுகிறது, மெதுமெதுவாகத்தான் போக முடிகிறது. அந்த மிஷினின் குறை அல்ல இது. அது செய்யப்பட்ட வேலை வேறு, நான் கேட்கிற வேலை வேறு.

தகரத்தை மடித்து வெல்டு செய்த 14 இஞ்சு மிஷின் ஒன்றையும் ஒரு கடையில் பார்த்தேன். பெயின்ட் பளபளப்பு. பிளேடை முறுக்கி டென்ஷன் ஏற்றும்போது மேலே வீல் தாங்குகிற தூண் கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் சாய்ந்தது. தகர உடம்பு என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். கனமான தகட்டில் பெட்டித் தூணாக மடித்துச் செய்த நல்ல மிஷின்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. இந்த மிஷினில் தகடு மெல்லிசு, அதுதான் விஷயம். டென்ஷனுக்கு நிற்காத தூணை வைத்துக்கொண்டு நேர்க்கோடு அறுக்க முடியாது.

வீல் அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலானவர்கள் மோட்டார் எச்.பி.யைத்தான் முதலில் கேட்கிறார்கள். பிளேடு ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வளைந்து நிமிர்கிறது. நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் இந்த வளைவு நடக்கிறது. சின்ன வீலில் வளைவு இறுக்கம், தடித்த பிளேடு போட்டால் பல்லுக்கு அடியில் விரிசல் விட்டு அறுந்துவிடும். வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளேடின் கனம் என்பது பழைய கணக்கு. 18 இஞ்சு வீலுக்கு 18 தௌ, அதாவது ஒரு இஞ்சில் ஆயிரத்தில் 18 பங்கு. நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் கூடப் போடலாம், ஆனால் கணக்கின் போக்கு அதுதான். மெல்லிய பிளேடு கனமான மரத்தில் நெளியும், நெளிந்தால் பலகை நடுவில் வயிறு வைத்து வரும். ஆகவே, மரத்தை அகலவாக்கில் பிளக்கப் போகிறவர் பெரிய வீலுக்குப் போக வேண்டும். பொம்மை, கைப்பிடி, வளைவு வேலைக்கு 10, 12 இஞ்சே தாராளம்.

இனி பழைய மிஷினைப் பார்த்து எடுப்பது. இதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒன்று பார்த்தேன். விலை குறைவு. டேபிளுக்கு அடியில் டார்ச் அடித்தால், சாய்க்கிற அரைவட்டத் துண்டு உடைந்து வெல்டு வைத்திருந்தது. அதுவும் சாதாரண வெல்டிங் ராடு. வார்ப்பிரும்பைச் சரியாகச் சூடாக்காமல், அதற்கான ராடு இல்லாமல் பற்ற வைத்தால் பற்றின இடத்தை ஒட்டியே மறுபடி விரியும். அந்தத் துண்டு தாங்குவது டேபிளையும் அதன் மேல் நான் அமுக்குகிற மரத்தையும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அழகியமண்டபத்துக்குப் போகும்போது என்னோடு வந்தவர் எங்கள் ஊர் மூத்த ஆசாரி. கோயில் கதவும் நிலையும் செய்தவர், பேண்ட்சாவில் பல காலம் நின்றவர். மிஷின் மேல் மரத்தூளும் ஒட்டடையும் அப்பிக் கிடந்தது. டேபிளில் துரு. நான் டேபிளைத் தடவிக்கொண்டு நிற்க, அவர் சொன்னார்: “சாரே, துருவையும் பெயின்டையும் பாக்காதீங்க. பிளேடையும் பெல்டையும் கழத்திட்டு வீலச் சுத்தி விடுங்க. தானா நிக்கட்டும்.”

“அண்ணே, நின்னா?”

“நின்ன எடத்துல சாக்பீஸ் வச்சு ஒரு கோடு போடுங்க. இன்னொரு தடவ சுத்துங்க. அதே எடம் அடியில வந்து நின்னா அந்தப் பக்கம் கனம் கூட. ஓடும்போது ஆடும்.”

நான் வகுப்பில் பேலன்சிங் என்று போர்டில் படம் போட்டு நடத்தியதை அவர் ஒரு சாக்பீஸில் முடித்தார். மேல் வீல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. கீழ் வீலும் அப்படியே. பிறகு நான் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ஆரையையும் தட்டினேன். நல்ல வார்ப்பு கணீர் என்று சொல்லும், விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். எல்லாம் கணீர். டயல் கேஜை (சின்ன அசைவையும் முள்ளில் காட்டுகிற கருவி) விளிம்பில் வைத்துச் சுற்றினேன், முள் அதிகம் அலையவில்லை. டயல் இல்லாதவர்கள் ஒரு பென்சிலை மரக்கட்டையில் கட்டி விளிம்பை ஒட்டி வைத்துச் சுற்றினாலே போதும், இடைவெளி கூடிக் குறைவது கண்ணில் தெரியும்.

அடுத்து பேரிங். வீலை இரண்டு கையாலும் மேலும் கீழும் பிடித்து உலுக்கினால் மேல் வீல் லொடலொட. கூட நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். பேரிங் போனதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. 6205 என்ற நம்பர் பேரிங் என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்த நாட்டில் செய்தாலும் இந்த அளவுதான். நாகர்கோவிலில் எந்த பேரிங் கடையிலும் கேட்ட உடனே எடுத்துத் தருவார்கள். கவலைப்பட வேண்டியது பேரிங் உட்கார்கிற குழியைப் பற்றி. பேரிங்கின் வெளி வளையம் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் குழி தேய்ந்திருந்தால் லேத்தில் கடைந்து ஸ்லீவ் போட வேண்டும், அந்தச் செலவு வேறு. மூடியைக் கழற்றிப் பார்த்தோம். வெளி வளையம் இருந்த இடத்தில் கிரீஸ் கறுத்துப் போயிருந்தது, ஆனால் தேய்ந்த மினுமினுப்பு இல்லை. அந்த நிமிஷத்தில் மனசுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

மற்றவற்றையும் விடவில்லை. மேல் வீலைத் தூக்குகிற திருகு முழு ஓட்டமும் போய் வருகிறதா, ஸ்பிரிங் செத்துப் படுத்துவிட்டதா, வீலைச் சாய்க்கிற திருகு துருப்பிடித்து இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆறடி நேர்க்கட்டை ஒன்றை இரண்டு வீலின் விளிம்பிலும் ஒட்டி வைத்தால் நாலு இடத்திலும் தொட வேண்டும். இதில் மேல் வீல் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இருந்தது, வாஷர் போட்டால் தீருகிற அளவு. வீல் ரப்பரில் நகத்தை அழுத்தி எடுத்தால் தடம் மறைய வேண்டும். மறையவில்லை, கட்டையாகிப்போய் ஓரத்தில் வெடித்திருந்தது. பிளேடை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துகிற கைடு கட்டைகள் கரைந்து கிடந்தன. பிளேடு கதவுகள் இரண்டில் ஒன்றைக் காணோம். மோட்டார் 3 எச்.பி., த்ரீ ஃபேஸ்.

விற்றவர் இதையெல்லாம் மறைக்கவே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். “சாரே, ரப்பரு போச்சு, பேரிங்கு போச்சு. மத்தபடி எங்கப்பா காலத்துலேருந்து ஓடுன சாதனம்” என்று அவராகவே சொன்னார். குறைத்துக் கேட்டேன், 34,000-க்கு வந்தார். குட்டியானையில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. டேபிளையும் மோட்டாரையும் வீல்களையும் தனித்தனியாகக் கழற்றி ஏற்றுங்கள். நட்டமாக நிற்கிற மிஷினை அப்படியே கயிறு கட்டி வண்டியில் ஏற்றினால் வளைவில் தலைகுப்புற விழும், விழுந்தால் வார்ப்பு உடையும்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்த வேலையில் மோட்டார்தான் பெரியது. எங்கள் வீட்டுக்கு சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. த்ரீ ஃபேஸ் மோட்டாரை வைத்துக்கொண்டே வி.எஃப்.டி. போடலாம் என்று பலர் சொல்வார்கள். சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாக வெளியே கொடுக்கிற சின்னப் பெட்டி அது. நல்ல வழிதான், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட பெட்டி 220 வோல்ட்டை ஒட்டித்தான் வெளியே கொடுக்கும். மோட்டார் தகட்டில் 230/415 என்று இரண்டும் போட்டிருந்தால் டெல்டாவாக (230-க்கான இணைப்பு) மாற்றிக் கட்டி ஓட்டலாம். என் மோட்டாரில் 415 மட்டும், உள்ளேயே ஸ்டாராக (415-க்கான இணைப்பு) முடிச்சுப் போட்டு மூடியிருந்தது. நாகர்கோவில் கோணம் பகுதியில் ஒரு ரீவைண்டிங் கடையில் அதைக் கொடுத்து, 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ், 1440 ஆர்.பி.எம். மோட்டார் ஒன்றை எடுத்தேன். மேற்கொண்டு 5,500 கொடுத்தேன்.

புல்லியையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய பட்டறையில் மோட்டாரில் 6 இஞ்சு, வீல் தண்டில் 9 இஞ்சு. 1440-ஐ அப்படி இறக்கினால் 960 ஆர்.பி.எம். 18 இஞ்சு வீலின் சுற்றளவு 56½ இஞ்சு, அதாவது 4.71 அடி. பெருக்கினால் பிளேடு நிமிஷத்துக்கு 4,500 அடி ஓடும். பெரிய மோட்டாருக்கு அது தப்பில்லை. 2 எச்.பி.க்கு அது பாரம். மோட்டார் பக்கம் 4 இஞ்சு புல்லி போட்டதும் 640 ஆர்.பி.எம்., பிளேடு வேகம் சுமார் 3,000 அடி. மரத்துக்கு இது போதும். வேகம் குறைந்ததால் ஆட்டமும் அடங்கியது. வயரைத் தனியாக மெயினிலிருந்து இழுத்து 16 ஆம்பியர் பிளக்கில் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் விளக்கு மங்குகிற நேரத்தில் அகலப் பலகை எடுப்பதில்லை. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகக் கரண்டு இழுத்துச் சூடாகும்.

ரப்பர் விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். மார்த்தாண்டம் பக்கம் டயர் ரீட்ரெடிங் செய்கிற ஒருவரிடம் இரண்டு வீலையும் கொடுத்தேன். பழையதைச் சுரண்டி எடுத்து, புதுசு ஒட்டி வேக வைத்துக் கொடுத்தார். 2,600 வாங்கினார். வீலைக் கையால் சுற்றிக்கொண்டே மரக்கட்டையில் சுற்றின உப்புத்தாளைப் பிடித்து, நடுவில் லேசான மேடு வருகிற மாதிரி தேய்த்தேன். அந்த மேட்டில்தான் பிளேடு ஏறி உட்காரும். தட்டையாக இருந்தால் பிளேடு முன்னும் பின்னும் அலையும், குழியாக இருந்தால் கழன்று வரும். கைடு கட்டைக்குப் புளியமர வைரத்தில் துண்டு வெட்டி எண்ணெயில் ஊறப்போட்டு வைத்தேன். பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி. கட்டை பல்லைத் தொடவே கூடாது, பல்லின் குழிக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். பேரிங்குகளுக்கு 1,400 ஆனது. இல்லாத கதவைத் தகரத்தில் அடித்து வாங்க 1,500. அந்தக் கதவு மாட்டுகிற வரை நான் ஸ்விட்சைத் தொடவில்லை. 11 அடி பிளேடு அறுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் ஓட்டத்தில் டேபிள் மேல் பழைய தடித்த அஞ்சு ரூபா நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன். ஸ்விட்ச் போடும்போது விழுந்தது, மோட்டார் உதைக்கிற உதை அது. வேகம் பிடித்த பிறகு நிறுத்தினால் நின்றது. ஆசாரி அண்ணன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு “கொள்ளாம்” (நன்றாக இருக்கிறது) என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

இப்போது மரம். காய்ந்த அயினி, எட்டு இஞ்சு உயரம், முக்கால் இஞ்சு அகலமான பிளேடு, இஞ்சுக்கு மூணு பல். கையால் தள்ளுகிற வேகத்தில், தள்ள வேண்டிய அவசியம் இல்லாத மாதிரி போகிறது. மூணு அடிப் பலகையின் ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் கனத்தில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒன்றரை இஞ்சிலிருந்து இரண்டு அரை இஞ்சுப் பலகையும், முதுகுக்குப் போடுகிற ஒரு மெல்லிய தகடும் கிடைக்கிறது. பிளந்த இரண்டையும் புத்தகம் விரிப்பது போல விரித்து ஒட்டினால் ரேகை இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடுகிறது. அயினியின் அந்தத் தங்க மஞ்சள் பளிச்சென்று முதல் தடவை வெளியே வந்தபோது நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஃபென்ஸை டேபிள் விளிம்புக்கு இணையாக வைத்தால் மட்டும் இது நடக்காது. ஒவ்வொரு பிளேடும் தனக்கென்று ஒரு சாய்வு வைத்திருக்கும். ஒரு துண்டில் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் கையால் அந்தக் கோட்டிலேயே அறுத்துக்கொண்டு போங்கள். பாதியில் துண்டை அப்படியே பிடித்து மிஷினை அணையுங்கள். துண்டு எந்தச் சாய்வில் நிற்கிறதோ அந்தச் சாய்வுக்கு ஃபென்ஸைத் திருப்புங்கள். பிளேடு மாற்றினால் திரும்பவும் பார்க்க வேண்டும்.

பிலா வேறு விதம். காய்ந்த பிலா வெண்ணெய். கொஞ்சம் பச்சை இருந்தாலும் அந்தப் பால் பல்லின் குழியில் ஒட்டித் தூளோடு சேர்ந்து இறுகும், பிளேடு சூடாகும், வெட்டு கறுக்கும். சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற ஊர் நம்முடையது, பிளேடுக்கும் அதேதான். துணியில் எண்ணெய் தொட்டு, மிஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு, வீலைக் கையால் சுற்றித் துடைக்கிறேன். வீல் ரப்பரில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் தடியும் பாலுள்ள மரம்தான், ஆனால் அறுக்க எளிது. அறுத்த கையோடு போராக்ஸ் கரைசலில் முக்காவிட்டால் நீலம் பாய்ந்து புழு ஏறும், அது தனிக் கதை.

தென்னையும் பனையும் கொண்டு வந்து அறுத்துத் தரச் சொல்கிறவர்கள் தயவுசெய்து மன்னிக்க வேண்டும். தென்னையின் வெளி ஓரத்தில் உள்ள நார் பிளேடின் பல்லைச் சீக்கிரமே மழுங்கடித்துவிடுகிறது. பனையின் கறுப்பு நார் இன்னும் மோசம். கார்பைடு பல் வைத்த பிளேடு இருந்தால் பேசலாம். பழைய வீட்டு உத்தரமும் அப்படித்தான், காந்தத்தை வைத்துத் தடவி ஆணி இல்லை என்று தெரிந்தால்தான் டேபிளில் வைப்பேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த மிஷினுக்குத் தூள் உறிஞ்சுகிற வாய் கிடையாது. பிலாத் தூள் மஞ்சளாக ஷெட் முழுக்கப் படிகிறது, முகமூடி இல்லாமல் ஒரு வெட்டும் வெட்டுவதில்லை. ஃபென்ஸ் வரவே இல்லை, ஆங்கிள் இரும்பில் நானே அடித்தேன். கைடைத் தூக்கி இறக்கினால் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது, புது மிஷின்களில் அது ஒரு திருகில் முடியும். ஸ்விட்சை அணைத்த பிறகு வீல் நிற்க வெகு நேரம் ஆகிறது. பிளேடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த நேரம்தான் ஆபத்து, பேத்தி ஷெட்டுக்குள் வருவாளோ என்று வாசல் பக்கமே கண் இருக்கும். கால் பிரேக் ஒன்று செய்து மாட்டப் போகிறேன். இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் டேபிள் துருவும் ஓயாத வேலை. வேலை முடிந்ததும் தூளைத் தட்டி மெழுகுதிரியைத் தேய்த்துத் துணியால் இழுத்து விடுகிறேன். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது போதாது, எண்ணெய்த் துணி போட்டு மூடியே வைக்க வேண்டியிருக்கும்.

ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்காதவர், வாடகை வீட்டில் இருப்பவர், மாடியில் பட்டறை வைத்திருப்பவர், ஆறு இஞ்சுக்கு மேல் பிளக்கத் தேவையில்லாதவர் — இவர்கள் புதுசுக்கே போகலாம். மகிட்டா மாதிரி ஒன்றை எடுத்தால் பெட்டியைப் பிரித்த அன்றே வேலை தொடங்கலாம், கெட்டால் கேட்க ஆள் இருக்கிறது. அது சின்ன விஷயம் அல்ல. புது 18 இஞ்சு வார்ப்பிரும்பு மிஷினும் செய்து தருகிறார்கள். எனக்குச் சொன்ன விலை நான் மொத்தமாகச் செலவழித்ததைப் போல இரண்டு மடங்கு, அதிலும் மோட்டார் த்ரீ ஃபேஸ். அகலப் பலகை வைத்திருக்கிறவர், கூட நின்று பார்க்க ஒரு ஆசாரியோ ஃபிட்டரோ உள்ளவர், பழசையே தேடுங்கள். வீலும் தூணும் பேரிங் குழியும் நன்றாக இருந்தால் மீதி எல்லாம் கடையில் கிடைக்கும். இவற்றில் ஒன்று போயிருந்தால் பத்தாயிரத்துக்குத் தந்தாலும் வேண்டாம்.

பிளேடு வாங்கப் போகும்போது மிஷினின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, நீளத்தைச் சொல்ல வேண்டும். மேல் வீலைத் திருகின் நடு ஓட்டத்தில் நிறுத்தி, இரண்டு வீல் மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதோடு ஒரு வீலின் சுற்றளவைக் கூட்டுங்கள். எனக்கு மைய தூரம் 38 இஞ்சு, ஆகவே 76-உம் 56½-உம் சேர்ந்து 132½. 132 என்று சொல்லி, சரியாக 11 அடிக்கு வாங்குகிறேன். நேர்ப் பிளப்புக்கு முக்கால் இஞ்சு, மூணு பல். பொது வேலைக்கு அரை இஞ்சு, நாலு பல். அரை இஞ்சு பிளேடு இரண்டரை இஞ்சு ஆரத்துக்குக் குறைவான வளைவில் திரும்பாது, தொட்டில் கால் மாதிரி வளைவுகளுக்குக் கால் இஞ்சு பிளேடு வேண்டும். எந்தப் பிளேடானாலும் மரத்துக்குள் எப்போதும் மூணு பல்லாவது நிற்க வேண்டும். மெல்லிய பலகைக்கு மூணு பல் பிளேடு போட்டால் பல் கொத்திப் பறிக்கும்.

கோட்டாறில் நான் போகிற கடைக்காரர் சுருளிலிருந்து அளந்து வெட்டி, முனையைச் சேர்த்துப் பற்றவைத்துத் தருகிறார். பற்றவைத்த சூட்டில் அந்த இடம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், திரும்பவும் மிதமாகச் சூடாக்கி ஆறவிட வேண்டும். அவர் சொல்லாமலே செய்கிறார், எல்லோரும் செய்வதில்லை. வாங்கும்போது பற்றவைத்த மூட்டு உள்ள இடத்தை வளைத்துப் பாருங்கள், வளைவு மற்ற இடத்தைப் போலவே உருண்டு வர வேண்டும், முனை தட்டக்கூடாது. பிளேடின் முதுகில் மூட்டு உள்ள இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் அங்கேயே நின்று தேய்த்துத் தரச் சொல்லுங்கள். தட்டுகிற மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் பின் கைடு பேரிங்கை இடிக்கும், டக் டக் என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்தோடு ஓடுகிற பிளேடு அதே இடத்தில்தான் அறும்.